411 ஷரத்துக்கள், ஐந்தே நாட்கள்
மசோதாவை எம்.பி.க்களுக்கு விளக்கிச் சொல்வது யார்?

சந்தாபுரா: நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்தன. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி வட்டாரத் தொழிற்சாலைகளில் ஷிப்டு முடிந்து சந்தாபுரா சர்க்கிளில் பஸ்ஸுக்கு நிற்பவர்களும், ஹீலலிகே ஸ்டேஷனில் ஓசூர் பக்கம் போகும் வண்டிக்குக் காத்திருப்பவர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு விஷயம். பி.எஃப். பிடித்தம் கூடுமா? காண்ட்ராக்ட் ஆள் நிரந்தரம் ஆவானா? இவற்றுக்குக் கம்பெனியின் கணக்குப் பிரிவோ சங்கமோ பதில் சொல்லிவிடும். மூன்றாவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. 29 பழைய சட்டங்களை மடக்கி நான்காக்கிய இவ்வளவு பெரிய வேலையை, கை தூக்கி ஆதரித்த எம்.பி.க்கள் படித்துப் பார்த்தார்களா? படிக்கவில்லை என்றால், அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

கேள்வி நியாயமானது. எம்.பி. எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இன்று அணுசக்தி, நாளை வக்ஃப், மறுநாள் கப்பல் போக்குவரத்து என்று மசோதாக்கள் வந்துகொண்டே இருக்கும். வக்கீலுக்குப் படித்தவருக்கே சட்டத்தின் நடை சிரமம். ஆகவேதான் மசோதாவை அங்கத்தினருக்கு விளக்குவதற்கென்றே டெல்லியில் சில ஏற்பாடுகள் செய்யப்பட்டிருக்கின்றன. அவை என்ன, 2020-ல் அவை ஏன் பயன்படாமல் போயின என்று பார்ப்போம்.

மசோதாவின் பின்பக்கம்

முதல் ஏற்பாடு மசோதாவிலேயே இருக்கிறது. பார்லிமெண்டில் ஒரு மசோதாவைக் கொண்டுவரும் மந்திரி, ஷரத்துக்களோடு மேலும் சில காகிதங்களைச் சேர்த்துத் தர வேண்டும் என்பது லோக்சபையின் நடைமுறை விதி. இந்தச் சட்டம் எதற்காக என்று சொல்லும் ‘நோக்கங்களும் காரணங்களும்’ என்ற அறிக்கை ஒன்று. சர்க்கார் கஜானாவுக்கு என்ன செலவு என்று சொல்லும் நிதிக் குறிப்பு ஒன்று. எந்தெந்த விஷயங்களைச் சட்டத்தில் எழுதாமல், பின்னால் சர்க்காரே விதி போட்டு நிரப்பிக்கொள்ள அதிகாரம் கேட்கிறது என்று சொல்லும் குறிப்பு இன்னொன்று. பல மசோதாக்களில் ஒவ்வொரு ஷரத்துக்கும் விளக்கமும் இருக்கும்.

‘நோக்கங்களும் காரணங்களும்’ ஒழுங்காக எழுதப்பட்டால் எவ்வளவு உபயோகம் என்பதற்கு நம்மவர்களைப் பற்றிய ஒரு சட்டமே சாட்சி. வெளிமாநிலத்துக்குப் போய் வேலை செய்யும் தொழிலாளர்களுக்காக 1979-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் நோக்க அறிக்கை வளவளவென்று பேசவில்லை. ஒரிஸ்ஸாவிலிருந்து ‘தாதன்’ தொழிலாளிகளை சர்தார் என்றும் கட்டாதார் என்றும் அழைக்கப்படும் மேஸ்திரிகள் அழைத்துப் போகிறார்கள். மாதாமாதம் கணக்குத் தீர்ப்பதாகச் சொல்லிவிட்டுத் தீர்ப்பதில்லை. போன இடத்தில் வேலை நேரம் என்று ஒரு வரையறை கிடையாது. வாரத்தில் ஏழு நாளும் வேலை வாங்குகிறார்கள். 1976-ல் தொழிலாளர் மந்திரிகள் மகாநாடு இதைப் பரிசீலித்துக் கமிட்டி போடச் சொன்னது. இவ்வளவும் அந்த அறிக்கையில் இருக்கிறது. ஒரிஸ்ஸாவைப் பார்த்தறியாத அங்கத்தினர்கூட அதைப் படித்தால், எந்த அநியாயத்தை நிறுத்தப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு ஓட்டுப் போட்டிருக்க முடியும்.

இப்போதைய நோக்க அறிக்கைகள் பலவற்றில் இந்தக் கண்ணியத்தைக் காணோம். ‘எளிமையாக்கல்’, ‘சீரமைப்பு’, ‘தொழில் நடத்த வசதி’ என்ற சொற்கள் எல்லா மசோதாவிலும் வருகின்றன. எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்பதை ஷரத்து ஷரத்தாகப் பழைய சட்டத்தோடு ஒப்பிட்டால்தான் கண்டுபிடிக்க முடியும். அறிக்கை எழுதுவது மசோதாவைக் கொண்டுவரும் இலாகாவேதான். தன் சரக்கின் குறையைத் தானே சொல்லும் வியாபாரி உண்டா?

நூலகமும் வெளி ஆட்களும்

அதனால்தான் இரண்டாவது ஏற்பாடு. பார்லிமெண்ட் நூலகத்தோடு சேர்ந்த ஆராய்ச்சி, குறிப்புதவிப் பிரிவு அது. 1950-லிருந்து நடந்து வருகிறது. ஓர் எம்.பி. போய், இந்த மசோதாவின் பூர்வோத்தரம் என்ன, மற்ற தேசங்களில் என்ன சட்டம், நம்முடைய கோர்ட்டுகள் என்ன சொல்லியிருக்கின்றன என்று கேட்டால் குறிப்பு எடுத்துத் தருவார்கள். லோக்சபைச் செயலகம் சில ஆண்டுகளாக முக்கிய மசோதாக்கள் பற்றி அங்கத்தினர்களுக்கு விளக்கக் கூட்டங்களும் நடத்துகிறது. ஆனால் கூட்டத்தில் வந்து விளக்குகிறவர்கள் பெரும்பாலும் அந்தந்த இலாகா அதிகாரிகள். வரைந்தவரே வந்து விளக்குவதில் சௌகரியமும் உண்டு, அசௌகரியமும் உண்டு.

மூன்றாவது, சர்க்காருக்கு வெளியே இருப்பது. 2005-ல் டெல்லியில் பி.ஆர்.எஸ். என்ற சட்ட ஆராய்ச்சி அமைப்பு ஆரம்பிக்கப்பட்டது. மசோதா வந்ததும் சில பக்கங்களில் குறிப்பு எழுதி எம்.பி.க்களுக்குத் தருவது அதன் வேலை. பழைய சட்டத்தில் என்ன இருந்தது, புதிதில் என்ன மாறுகிறது, எங்கே சந்தேகம் எழுகிறது என்று அதில் இருக்கும். ஆதரிக்க வேண்டும் என்றோ எதிர்க்க வேண்டும் என்றோ ஒரு வார்த்தை இருக்காது. எல்லாக் கட்சிக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டு சபையில் பேசுகிறார்கள். ஓர் எம்.பி.க்கு ஓர் இளைஞர் வீதம் ஏறக்குறைய ஓராண்டு ஆராய்ச்சி உதவியாளராக அமர்த்தும் திட்டத்தையும் அதே அமைப்பு நடத்துகிறது. மொத்த எம்.பி.க்களின் எண்ணிக்கைக்கு அது சொற்பம்.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் நம் நிலைமை புரியும். அங்கே காங்கிரஸ் சபைக்கென்று 1914-ல் ஆரம்பித்த ஆராய்ச்சி இலாகா இன்று நூற்றுக்கணக்கான நிபுணர்களோடு இயங்குகிறது. அது போதாதென்று பிரதிநிதி சபை அங்கத்தினர் ஒவ்வொருவரும் 18 பேர் வரை நிரந்தர ஊழியர்களை வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் காமன்ஸ் சபை நூலகம் 1818-ல் தொடங்கியது. 1990-களின் கடைசியிலிருந்து அங்கே சர்க்கார் மசோதாக்களோடு சாதாரண மனிதனுக்குப் புரியும் நடையில் விளக்கக் குறிப்பு வருகிறது. இங்கே ஓர் எம்.பி.க்குக் கடிதம் எழுதவும் சிபாரிசுக் காகிதம் கொடுக்கவும் ஓர் உதவியாளர் இருந்தால் அதுவே பெரிது. சந்தாபுரா சேர்ந்திருக்கும் ஆனேக்கல், பெங்களூர் கிராமாந்தர லோக்சபைத் தொகுதியில் வருகிறது. இருபது லட்சத்துக்கு மேல் வோட்டர்கள். ரேஷன் கார்டிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை வரை அத்தனை பேருக்கும் எம்.பி. ஆபீஸ்தான் கதி. அந்த நெரிசலில் சட்டப் புத்தகத்தைப் பிரிக்க நேரம் எங்கே?

கமிட்டி என்ற உண்மையான பள்ளிக்கூடம்

இவை எல்லாவற்றையும்விடப் பயன் தரக்கூடியது நான்காவது ஏற்பாடு. இலாகா வாரியான நிலைக்குழுக்கள். 1993-ல் வந்தவை. இப்போது 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் லோக்சபையிலிருந்து 21 பேர், ராஜ்யசபையிலிருந்து 10 பேர், ஆக 31 பேர். மசோதா கமிட்டிக்குப் போனால் இலாகாச் செயலாளர் வந்து உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலாளிகள் சங்கத்தையும் தொழிற்சங்கத்தையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கதவு மூடிய அறை. பத்திரிகைக்காரர் கிடையாது, கேலரி கிடையாது, கட்சிக் கொறடாவின் உத்தரவும் கிடையாது. அதனால் ஆளும் கட்சி எம்.பி.யும் மனம் விட்டுக் கேள்வி கேட்க முடிகிறது. சபையில் முழங்குகிறவர் இங்கே பென்சிலை எடுத்துக்கொண்டு ஷரத்தைப் படிக்கிறார். இதுதான் எம்.பி.க்களின் பள்ளிக்கூடம்.

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மசோதாக்களை அனுப்புவது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. 2004–2009 லோக்சபையில் நூற்றுக்கு 60 மசோதாக்கள் கமிட்டிக்குப் போயின. 2009–2014-ல் 71. 2014–2019-ல் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. 2019–2024-ல் 16. அந்தக் கடைசி ஐந்தாண்டில், கொண்டுவந்த இரண்டு வாரத்துக்குள் நிறைவேறிய மசோதாக்கள் 58 சதவிகிதம். பி.ஆர்.எஸ். தொகுத்த கணக்கு இது. சாதாரண சட்டங்களைக் கட்டாயமாகக் கமிட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இல்லாததால் சர்க்காரைக் கேட்பார் இல்லை. பிரிட்டனில் அநேகமாக எல்லா மசோதாவுக்கும் கமிட்டிக் கட்டம் உண்டு.

பெட்டிப்பணம் காணாமல் போன கதை

இனி நம் விஷயத்துக்கு வருவோம். தொழிலாளர் தொகுப்புகள் கமிட்டியைப் பார்க்காமல் வந்தவை அல்ல. இதை எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதில்லை. சம்பளத் தொகுப்பின் முதல் மசோதா 2017-ல் கமிட்டிக்குப் போனது. பிறகு லோக்சபை கலைந்து அது காலாவதியாகி, திரும்ப வந்து 2019-ல் சட்டமாகியது. மற்ற மூன்றும் 2019-ல் கொண்டுவரப்பட்டு, பர்த்ருஹரி மஹ்தாப் தலைமையிலிருந்த தொழிலாளர் துறை நிலைக்குழுவுக்குச் சென்றன. 2020 பிப்ரவரி, ஏப்ரல், ஜூலை மாதங்களில் கமிட்டி ஒவ்வொன்றாக அறிக்கை கொடுத்தது. நல்லபடியாகத்தான் நடந்தது.

சிக்கல் அதன் பிறகு. சர்க்கார் அந்த மூன்று மசோதாக்களையும் வாபஸ் வாங்கிக்கொண்டு, 2020 செப்டம்பர் 19, சனிக்கிழமை, புதிதாக மூன்று மசோதாக்களை லோக்சபையில் வைத்தது. 22-ந் தேதி லோக்சபையில் நிறைவேறின. 23-ந் தேதி ராஜ்யசபையிலும் நிறைவேறின. 28-ந் தேதி ஜனாதிபதி கையெழுத்து. தொழில் உறவுத் தொகுப்பில் 104 ஷரத்து, சமூகப் பாதுகாப்பில் 164, தொழில் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் தொகுப்பில் 143. கூட்டினால் 411. அட்டவணைகள் தனி. சனி முதல் புதன் வரை ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து, நாளொன்றுக்கு 82 ஷரத்து வீதம் படித்தால்தான் ஒருவர் ஒருமுறை முடிக்கலாம். பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வேறு வேலை.

அந்த வாரம் சபை இருந்த இருப்பும் நினைவில் இருக்கும். கொரோனா காலம். கேள்வி நேரம் ரத்து. விவசாய மசோதாக்களின் ரகளையில் ராஜ்யசபையின் எட்டு அங்கத்தினர்கள் 21-ந் தேதி சஸ்பெண்டு. எதிர்க்கட்சிகள் சபையைப் பகிஷ்கரித்து வெளியே நின்றன. காலி நாற்காலிகளுக்கு முன்னால் குரல் ஓட்டில் காரியம் முடிந்தது. வெளியே போனது எதிர்க்கட்சிகளின் தப்பு என்று சர்க்கார் தரப்பு சொல்லும். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. படித்துப் பார்த்த ஓர் எம்.பி. உள்ளே உட்கார்ந்து ஒரு திருத்தம் கொடுத்திருந்தால் அது நடவடிக்கைக் குறிப்பிலாவது ஏறியிருக்கும்.

அப்படிக் கொடுத்திருக்க வேண்டிய திருத்தம் என்ன? ஒன்றை மட்டும் சொன்னால் போதும்.

1979 சட்டத்தின்படி, மேஸ்திரியோ காண்ட்ராக்டரோ ஒருவரை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வேலைக்கு அழைத்துப் போகும்போது, ஊரை விட்டுக் கிளம்புகிற செலவுக்கென்று ஒரு படி தர வேண்டும். மாதச் சம்பளத்தில் பாதி அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அது. திருப்பித் தர வேண்டியதில்லை. சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. போக வரப் பயணப்படி தனி. புது ஊரில் ஒரு பாய், ஒரு ஸ்டவ், அறைக்கு அட்வான்ஸ் என்று முதல் மாதம் கையைக் கடிக்கும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். ‘பெட்டிப்பணம்’ என்று அதற்குப் பெயர் வைத்தால் தகும்.

2019 மசோதாவிலும் அது இருந்தது. ஆள் எடுக்கும்போது மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுக்க வேண்டும் என்றே அதில் இருந்தது. கமிட்டி பரிசீலித்தது அந்த மசோதாவை. 2020 செப்டம்பர் 19-ந் தேதி வந்த மசோதாவில் பெட்டிப்பணம் இல்லை. ஊருக்குப் போக வர வருடத்துக்கு ஒரு தொகை தருகிற பயணப்படி மட்டும் இருந்தது. நிலைக்குழு பார்த்த காகிதம் ஒன்று, சபை நிறைவேற்றிய காகிதம் வேறொன்று.

சர்க்கார் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய சட்டம் காண்ட்ராக்டர் மூலமாகப் போனவரை மட்டும் பார்த்தது. தருமபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ தானாகவே பஸ் ஏறி வந்து பொம்மசந்திராவில் வேலை தேடிக்கொண்டவர் அதன் கணக்கில் இல்லை. புதிய தொகுப்பு, தானாக வந்தவரையும் ‘வெளிமாநிலத் தொழிலாளி’ என்று சேர்த்துக்கொள்கிறது. சம்பளம் மாதம் 18,000 ரூபாய்க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். ரேஷன் சாமானை வேலை செய்யும் ஊரிலேயே வாங்கிக்கொள்ள வழி செய்யச் சொல்கிறது. இவை உண்மையான லாபங்கள். நிலைக்குழுவின் 233 சிபாரிசுகளில் 174-ஐ ஏற்றுக்கொண்டோம் என்று மந்திரி சந்தோஷ் கங்வார் கணக்கும் சொன்னார். இன்னொரு பக்கம், பழைய சட்டம் ஐந்து வெளிமாநிலத் தொழிலாளிகள் இருந்தாலே பொருந்தியது. புதியதற்குப் பத்துப் பேர் வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளர் பற்றிய 1970 சட்டம் 20 பேருக்கு. புதியது 50 பேருக்கு. 40 பேரை வைத்துக்கொண்டு ஜிகணியில் கூலிக்கு வேலை எடுக்கும் காண்ட்ராக்டர் இப்போது அந்த அத்தியாயத்துக்கு வெளியே நிற்கிறார்.

இதில் எது நல்லது, எது கெட்டது என்பது பேரம் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். வாசலை அகலப்படுத்தும்போது தாம்பூலத்தை எடுத்துவிட்டார்கள் என்றால், ஏன் எடுத்தீர்கள் என்று ஒருவர் எழுந்து கேட்டிருக்கலாம். மந்திரி பதில் சொல்லியிருக்கலாம். 1979 சட்டத்தின் பெட்டிப்பணத்தை எத்தனை மேஸ்திரிகள் கொடுத்தார்கள் என்று யாரும் எதிர்க்கேள்வி போடலாம். வசூலிக்கப்படாத கடன் என்பதற்காகப் பத்திரத்தைக் கிழித்துவிடுவது எந்தக் கணக்கு? பி.ஆர்.எஸ். அமைப்பு 2019 மசோதாவையும் 2020 மசோதாவையும் ஒப்பிட்டுக் குறிப்பு வெளியிட்டது. பெட்டிப்பணம் எடுபட்டது அதில் ஒரு வரியாக இருந்தது. விளக்குகிறவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். விளக்கத்தைக் கேட்க வேண்டியவர்களுக்குத்தான் அவகாசம் இல்லை.

இந்த மசோதா வந்த அதே கூட்டத்தொடரில், அதற்கு ஐந்து நாள் முன்பு, ஊரடங்கின்போது வழியில் இறந்த வெளிமாநிலத் தொழிலாளிகளைப் பற்றிய புள்ளிவிவரம் தங்களிடம் இல்லை என்று தொழிலாளர் இலாகா லோக்சபையில் எழுத்து மூலம் பதில் கொடுத்தது. ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்ற கணக்கு மட்டும் இருந்தது. அந்த ஒரு கோடிப் பேருக்காகவே ஒரு நாள் முழுவதும் விவாதித்திருந்தாலும் மிகையாகாது.

300 என்ற எண்

இன்னொரு உதாரணம் கமிட்டியின் வேலை எத்தகையது என்று காட்டும். ஆட்குறைப்புக்கும் ஆலையை மூடுவதற்கும் சர்க்காரின் முன் அனுமதி வேண்டும் என்ற பழைய விதி 100 பேருக்குக் குறையாத ஆலைகளுக்கு. 2019 மசோதா 100-ஐ அப்படியே வைத்து, சர்க்கார் விரும்பினால் அறிவிப்பு மூலம் மாற்றிக்கொள்ளலாம் என்றது. நிலைக்குழு என்ன சொன்னது? 300 ஆக்குவதானால் அதைச் சட்டத்திலேயே எழுதுங்கள். அறிவிப்பு மூலம் மாற்றும் அதிகாரம் வேண்டாம். தொழிற்சங்கங்களுக்கு முதல் பாதி பிடிக்காது. இரண்டாவது பாதி நாணயமானது. எண்ணை மாற்றினால் பார்லிமெண்டுக்கு வந்து மாற்று என்பது அதன் பொருள். 2020 மசோதா 300-ஐ எடுத்துக்கொண்டது. அறிவிப்பு மூலம் இன்னும் உயர்த்தும் அதிகாரத்தையும் விடாமல் வைத்துக்கொண்டது. 174 சிபாரிசுகளை ஏற்றோம் என்ற கணக்கில் இப்படிப் பாதி ஏற்றவை எத்தனை என்று யார் எண்ணினார்கள்?

அறிவிப்பு மூலம் மாற்றுவது என்றால் என்ன என்று ஓசூர் ரோட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். 2016 பிப்ரவரியில் பி.எஃப். திட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. வேலையை விட்டாலும் முதலாளி செலுத்திய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்றது. அது மசோதா அல்ல, இலாகாவின் அறிவிப்பு. எந்த எம்.பி.யும் ஓட்டுப் போடவில்லை. ஏப்ரல் 18, 19 தேதிகளில் கார்மெண்ட் தொழிலாளிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் இறங்கினார்கள். பொம்மனஹள்ளியிலிருந்து ஓசூர் ரோடு நின்றது. சந்தாபுராவுக்குப் பக்கத்து ஹெப்பகோடியில் போலீஸ் ஸ்டேஷனில் இருந்த வண்டிகள் எரிந்தன. தடியடியும் நடந்தது. 19-ந் தேதியே மத்திய சர்க்கார் திருத்தத்தை வாபஸ் வாங்கியது. மகள் கல்யாணத்துக்கும் வீட்டு லீசுக்கும் அந்தப் பணத்தை நம்பியிருந்தவர்கள், பார்லிமெண்ட் செய்யாத பரிசீலனையை ரோட்டில் செய்தார்கள். இப்படிப்பட்ட விதிகளைப் பரிசீலிக்க லோக்சபையில் 1953-லிருந்து ஒரு கமிட்டி இருக்கிறது. விதிகளின் எண்ணிக்கைக்கு முன் அதன் கை எட்டுவது கொஞ்சம்தான்.

ஆகவே மசோதாவின் பின்பக்கத்தில் இருக்கும் அந்த மூன்றாவது காகிதம், விதி போடும் அதிகாரம் பற்றிய குறிப்பு, தொழிலாளியின் கண்ணுக்கு முதலில் பட வேண்டியது. புதிய தொகுப்புகளில் ‘விதிக்கப்படும் வண்ணம்’ என்ற சொற்கள் மழைக்காலத்துப் புல்போல முளைத்துக் கிடக்கின்றன. பயணப்படி எவ்வளவு நாள் வேலை செய்தவருக்கு, எந்த வகுப்பு டிக்கெட்டுக்கு என்பதெல்லாம் விதியில்தான்.

படித்தும் என்ன பயன்?

எல்லா விளக்கமும் கிடைத்து, எல்லாவற்றையும் படித்த ஓர் எம்.பி. இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் தன் அறிவின்படி ஓட்டுப் போடலாமா? 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கொறடா உத்தரவை மீறி ஓட்டளித்தால் பதவி போகலாம். ஆயாராம் கயாராம்களைத் தடுக்க அது தேவைப்பட்டது, சரி. ஆனால் சாதாரண மசோதாவுக்கும் அதே கயிறு. எப்படியும் கட்சி சொன்னபடிதான் கை தூக்க வேண்டும் என்றால் 411 ஷரத்துக்களை எதற்குப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறவரைக் குறை சொல்ல முடியவில்லை. கொறடா இல்லாத கமிட்டி அறை இதனாலும் முக்கியமாகிறது.

பாஷையும் ஒரு தடை. மசோதா வருவது ஆங்கிலத்திலும் இந்தியிலும். மத்திய சட்டங்களுக்குத் தமிழ், கன்னடம் முதலிய மொழிகளில் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு வெளியிட 1973-ல் சட்டம் செய்தார்கள். அது சட்டம் ஆனபிறகு. மசோதாவாக இருக்கும்போது, ஏதாவது செய்ய முடிகிற காலத்தில், தமிழில் படிக்க வழி இல்லை. அமலான பிறகு தமிழில் படித்து என்ன செய்வது?

மாநிலங்களில் இது சரியாக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் கர்நாடகத்தில் 2023 பிப்ரவரியில் நிறைவேறியது. அதிக விவாதம் இல்லை. அதே போன்ற திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டசபை 2023 ஏப்ரல் 21-ல் நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளும் சங்கங்களும் எதிர்க்கவே மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடிக்கு அந்தப் பக்கம் ஒரு நியாயம், இந்தப் பக்கம் ஒரு நியாயம். இரண்டு சபைகளிலும் மசோதாவைக் கமிட்டிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை.

செய்யக் கூடியது ஒன்று உண்டு. நிலைக்குழு ஒரு மசோதாவை எடுத்துக்கொள்ளும்போது பொதுஜனங்களிடமிருந்து அபிப்பிராயம் கேட்டுப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்வது வழக்கம். சங்கம்தான் எழுத வேண்டும் என்பதில்லை, தனி ஆளும் எழுதலாம். எந்த ஷரத்து, அதனால் தனக்கு என்ன நஷ்டம், அதற்குப் பதிலாக எந்த வாசகம் வேண்டும் என்று குறிப்பாக எழுதினால், கமிட்டி அலுவலகத்தார் அதைத் தொகுத்து அங்கத்தினர்கள் முன் வைப்பார்கள். நேரில் வந்து சொல்ல விரும்பினால் அதையும் கடிதத்தில் குறிப்பிடலாம். கூப்பிடுவது கமிட்டியின் இஷ்டம். பெரிய முதலாளிகள் சங்கங்கள் இதற்கென்றே ஆள் வைத்து எழுதி அனுப்புகின்றன. பொதுவாக விளம்பரத்தில் கேட்பது ஆங்கிலத்திலோ இந்தியிலோ இரண்டு பிரதிகள். அவகாசம் பெரும்பாலும் சில வாரங்கள்தான். தமிழில் எழுதிப் பழகியவர்கள், மொழிபெயர்த்துத் தர ஒரு குமாஸ்தாவையோ வக்கீலையோ முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. அனுப்பிய மனு கமிட்டியின் ஆவணமாகிவிடும். அதை வெளியே பரப்பக் கூடாது என்ற நிபந்தனையும் விளம்பரத்தின் கடைசி வரியில் இருக்கும்.